காகக் கூடு என்று நான் எழுதிய கூடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒன்பது பேருக்கும் ஊக்கம் தரும்படி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பறவைக் கணக்கெடுப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் இன்னும் ஊக்கம் மிச்சம் இருக்கும் என்று அவர்கள் நம்புவதே எனக்குப் பெரிய ஊக்கம்.

உங்களுக்கு ஏகப்பட்ட பைகள் வைத்த மேல்சட்டை கொடுத்திருக்கிறார்கள். தொலைநோக்கி கொடுத்திருக்கிறார்கள். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி உங்கள் கைபேசியில் இருக்கிறது. ஒன்றை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓர் இடத்தில் ரோடு வருகிறது, குடோன் வருகிறது என்றால், அங்கே என்னென்ன பறவை இருக்கிறது என்று நாம் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. அது இல்லாமல் கோப்பும் நகர்வதில்லை. யாரும் படிக்காத காகிதத்தில் தப்பாக எழுதினால் என்ன ஆகிவிடும் என்று உங்களுக்கு ஒரு நாள் தோன்றும். எனக்குத் தோன்றியது.

நான் சேர்ந்த புதிதில் சீர்காழிப் பக்கம் ஒரு குடோனுக்கான அறிக்கையைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். பட்டியலில் கொக்கு, மடையான், மீன்கொத்தி, அடுத்ததாக மலை இருவாச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கிற பறவை, சீர்காழி வயலில் என்ன செய்கிறது என்று மேலாளரிடம் கேட்டேன். வால்பாறை அறிக்கையிலிருந்து பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியதில் ஒரு வரி நீக்காமல் விட்டுப்போயிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வாடிக்கையாளர் இருவாச்சியைப் பத்திக் கேட்கலையேம்மா.”

அறிக்கை அப்படியே போனது. அனுமதியும் வந்தது. அந்த இருவாச்சியைச் சொல்லிச் சொல்லி நான் பல வருஷம் சிரித்தேன். அடுத்தவர் பட்டியலில் தப்பு இருந்தால் அது நகைச்சுவை. இனி நான் சொல்லப்போவது என் பட்டியலில் இருந்தது.

கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் கரை. கரைமேல் மண் பாதை, பாதை ஓரமாக நாற்பத்துச் சொச்சம் பனைமரங்கள். பாதையை அகலப்படுத்தித் தார் போடத் திட்டம். பனையை வெட்ட அனுமதி வேண்டும், அனுமதிக்கு நம் அறிக்கை வேண்டும். பிப்ரவரி மாதம், சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. ஓட்டுநர் திருவாரூரில் டிபன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். எனக்கும் ஆட்சேபணை இல்லை. இரண்டு பேரும் பொங்கலும் வடையும் முடித்து, காபி ஆறிவிட்டது என்று இன்னொரு காபி வாங்கிக் குடித்து, போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பறவைகள் தங்கள் வேலையை முடித்துவிட்டு நிழலில் ஒதுங்கும் நேரத்தில் நாங்கள் எங்கள் வேலையைத் தொடங்கினோம்.

ஒரு பெண் வரப்பில் நின்று அறுவடை மெஷின் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் நோட்டுப் புத்தகத்தோடு என்னைக் கண்டதும் கேட்டார்.

“நூறு நாள் வேலைக்குக் கணக்கெடுக்க வந்திருக்கீங்களா டீச்சர்?”

“இல்லீங்க. பறவை கணக்கெடுக்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுங்களுக்கும் கார்டு குடுக்கப் போறாங்களா?”

இப்படித்தான் அஞ்சம்மாள் எனக்கு அறிமுகமானார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே வயலில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது அதில் ஒன்றரை ஏக்கர் அவர் பேரில் இருக்கிறது. மகள் நாகப்பட்டினத்தில் நர்ஸ்.

பனைமரங்களில் மூன்றில் காகக் கூடு இருந்தது. மூன்றையும் படம் எடுத்துக்கொண்டேன். அப்போது சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று ஒரு பனையிலிருந்து சறுக்கி இறங்கி, அடுத்த பனையின் மட்டைக்குள் போய் மறைந்தது. நான் “வைரி – 1” என்று எழுதினேன். வயல்வெளியில் வேகமாகப் பறக்கும் சின்ன வேட்டைப் பறவை எதுவானாலும் வைரி என்று எழுதிவிடுவது நம் தொழிலில் ஒரு வசதி.

அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தார். “என்னன்னு எழுதுனீங்க?”

“வைரி.”

“அது வைரி இல்லீங்க டீச்சர். வைரி தனியா வரும், கோழிக்குஞ்சு தூக்கும். இது புருசனும் பொண்டாட்டியுமா வரும். விடியக்காலையில ரெண்டும் சேந்து குருவி அடிக்கும். தலை செங்கல் கலரா இருக்கும். மூணு வருசமா இங்கதான் கெடக்கு.”

நான் புன்னகை செய்தேன். படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்துச் செய்யும் அந்தப் புன்னகை உங்களுக்கும் ஏற்கனவே வந்திருக்கும். அதற்குப் பயிற்சி தேவையில்லை. தலை குனிந்து இன்னொரு வரி எழுதினேன்: “காகக் கூடு – 3. குறிப்பிடத்தக்க பறவைகளின் கூடுகள் எதுவும் இல்லை.” கீழே கையெழுத்துப் போட்டேன். நானும் ஓட்டுநரும் மதியச் சாப்பாட்டுக்குத் திருவாரூர் திரும்பிவிட்டோம்.

நம் அறிக்கைகள் மேசைக்கு மேசை மாதக்கணக்கில் தூங்கும். இது மட்டும் ஓடியது. தப்பான அறிக்கைக்கு எங்கிருந்துதான் கால் முளைக்குமோ, மார்ச் மாதக் கடைசிக்குள் அனுமதி வந்து, வருகிற திங்கட்கிழமை கிழக்கு முனையிலிருந்து மரம் வெட்டத் தொடங்குவதாகத் தகவலும் வந்துவிட்டது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அலுவலகச் சுவரில் மாட்ட நல்லதாக ஒரு பனைமரப் படம் வேண்டும் என்று மேலாளர் கேட்டார். கணினியில் கீழ்வேளூர்ப் படங்களைத் திறந்து, இரண்டாவது காகக் கூட்டைப் பெரிதாக்கினேன். சுள்ளிகளுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. செங்கல் நிறம். மஞ்சள் வளையம் போட்ட கண். அந்தக் கண் நேராக என் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செந்தலை வல்லூறு. திறந்தவெளியில் தனித்தனியாகப் பனை நிற்கும் இடம்தான் அதற்குப் பிடித்தமான இடம். அது கூடு கட்டாது. காகம் கட்டிவிட்டுப் போனதில் குடியேறும். முட்டையிட்டு ஒரு மாதத்துக்கு மேல் பெட்டை அடைகாக்கும், ஆண் இரை கொண்டுவந்து கொடுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இதைப்பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு முறை வகுப்பே எடுத்திருக்கிறேன், படங்களோடு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் படம் எடுத்த அன்று அது அடையில் இருந்திருக்கிறது. இப்போது கூட்டில் குஞ்சுகள் இருக்கும், இன்னும் பறக்க முடியாத குஞ்சுகள்.

படத்தை மேலாளரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“நம்ம ரிப்போர்ட்ல இது இல்லையே?”

“இல்ல சார். நான் எழுதல.”

“ரிப்போர்ட்ல இல்லாத பறவை மரத்துல எப்படிம்மா இருக்கும்?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். இப்போது இதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்றில் இதைவிடப் பெரிய பதவியில் இருக்கிறார்.

“திங்கட்கிழமை வெட்டுறாங்க சார்.”

“அப்ப செவ்வாய்க்கிழமையிலேருந்து ரிப்போர்ட் கரெக்ட் ஆயிடும்ல?” என்றார். “லீவு போட்டு ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா. கண்ணு கெட்டுப்போற வரைக்கும் போட்டோ பாக்காத.”

ஓய்வு எடுக்கவில்லை. சனிக்கிழமை முதல் பேருந்தைப் பிடித்து, இறங்கி நடந்து, வெளிச்சம் வரும்போது வாய்க்கால் கரையில் இருந்தேன். இந்தமுறை காபிகூடக் குடிக்கவில்லை. வயலில் சம்பா தாள் மிஞ்சிய இடமெல்லாம் உளுந்து பச்சை கட்டியிருந்தது. அஞ்சம்மாள் அதற்குள் வயலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பனையைக் கையால் காட்டினார்.

நான் அதுவரை அந்தப் பறவை வேட்டையாடிப் பார்த்ததில்லை. வகுப்பு மட்டும்தான் எடுத்திருந்தேன். கம்பிமேல் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆண் மட்டைக்கடியிலிருந்து இறங்கி, வயலை ஒட்டி, உளுந்துச் செடியில் உரசுகிற மாதிரித் தாழ்வாக வந்தது. தகைவிலான்கள் சிதறி மேலே எழும்பின. அவை எழும்பிய உயரத்தில் பெட்டை ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. ஒன்று விரட்டியது, ஒன்று அடித்தது. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. பெட்டை இரையோடு பக்கத்து மரத்தில் உட்கார்ந்து இறகைப் பிய்க்கத் தொடங்கியது. இறகுகள் காற்றில் மெதுவாக வாய்க்காலில் இறங்கின. அந்த நேரம் பார்த்து ஒரு கள்ளப்பருந்து கூட்டுக்கு மேலாக வந்தது. இந்த வல்லூறு அளவில் புறாவைப் போலத்தான் இருக்கும். அந்த ஆண் கிக்கிக்கி என்று கத்திக்கொண்டு பருந்தின் முதுகில் போய் விழுந்த வேகத்தில், பருந்து ரயில்பாதை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனது.

பெட்டை கூட்டுக்கு வந்ததும் மூன்று வெள்ளைத் தலைகள் மேலே எழும்பின.

கைபேசியை எடுத்தேன். எங்கள் பறவை ஆர்வலர் குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள். அந்தப் படத்தையும் இடத்தின் பெயரையும் போட்டால் போதும். மாலைக்குள் செய்தியாகும், திங்கட்கிழமை வேலை நிற்கும், வருஷக்கணக்கில் வழக்கு நடக்கும். ஞாயிற்றுக்கிழமையே வாழைத்தண்டு அளவுக்கு லென்சோடு முப்பது பேர் அந்த மரத்தடியில் நிற்பார்கள், அதில் ஒருவர் பறவை திரும்பிப் பார்ப்பதற்காகக் கல்லெறிவார். இதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் விரலை அனுப்பும் பொத்தான்மேல் வைத்துவிட்டேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது: தப்புச் செய்தவள் நான், பறவையைக் காப்பாற்றியவளும் நானே என்று ஆகிவிடும், அறிக்கையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

“ரோடு நின்னுடுமா டீச்சர்?” என்று அஞ்சம்மாள் கேட்டார்.

நான் நிமிர்ந்தேன்.

“நிக்காதுன்னு சொல்லுங்க. போன வருசத்துக்கு முன்ன வருசம் ஐப்பசி மழையில அவருக்கு நெஞ்சு வலிச்சுது. ஆம்புலன்ஸ் மதகுகிட்ட நின்னுட்டுது, இந்தச் சேத்துல எப்புடி வரும்? நானும் என் கொழுந்தனும் கட்டில்ல போட்டுத் தூக்கிட்டுப் போனோம். இந்தா, இந்த நாலாவது பனைகிட்ட வரும்போதே கை தொங்கிட்டுது.” கண்ணைத் துடைக்கவில்லை, உளுந்துச் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மரத்த வெட்டுனா எனக்கும் வருத்தந்தான். அதுங்க ரெண்டும் இருந்தா சில்லைக் கூட்டம் கதிருகிட்ட வராது. ஆனா ரோடு நிக்கக்கூடாது.”

மூன்று வருஷமாக அந்தப் பறவையை அவர் பார்த்து வந்திருக்கிறார். யாரிடமும் காட்டிப் பெருமையடிக்கவில்லை. அதைப் பற்றி ஒழுங்காகச் சொன்ன ஒரே ஆளும் அவர்தான், கேட்காதவள் நான்தான். அவருக்கு வேண்டியது ரோடு. குஞ்சுகளுக்கு வேண்டியது ஒரு மாதம். இரண்டுக்கும் நடுவில் நின்றது என் கையெழுத்து ஒன்றுதான். செய்தியை அழித்தேன்.

வேலை நடக்கப்போகும் இடத்தின் மேற்கு முனையில் தகரக் கொட்டகை போட்டு, சைட் இன்ஜினியர் ஒருவர் மூன்று நாளாகத் தங்கியிருந்தார். சின்ன வயது. கைலியோடு பல் துலக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். படத்தைக் காட்டினேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“மேடம், உங்க ரிப்போர்ட்ட வச்சுத்தான் பர்மிஷனே வாங்கியிருக்கு. அதுல கூடு இல்லேன்னு போட்டிருக்கே?”

“ஆமாங்க. அது தப்பு.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

அவர் முகத்தில் ஒரு குழப்பம். இந்தத் தொழிலில் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் அதற்குமுன் கேட்டதில்லை போலிருக்கிறது. தப்பு என்றால் டைப் செய்தவர், மழை, முந்தைய அதிகாரி, இப்படி யாராவது ஒருவர் இருப்பார்கள்.

“இப்ப நான் என்ன செய்யணும்? வேலைய நிறுத்தச் சொல்றீங்களா? நிறுத்துனா என்னை இங்கேருந்து மாத்திடுவாங்க.”

“நிறுத்த வேண்டாம். கூடு கிழக்குப் பக்கம் இருக்கு. கிழக்கேருந்து ஆரம்பிக்கிறதா இருந்தீங்கல்ல, மேற்கேருந்து ஆரம்பிங்க. அந்த மரத்தையும் ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு மரத்தையும் கடைசியா வச்சுக்குங்க. குஞ்சு பறந்ததும் நானே வந்து சொல்றேன்.”

“எத்தனை நாள்?”

“ஒரு மாசம்.”

“எழுதிக் குடுங்க.”

“என்னன்னு?”

“இப்பச் சொன்னீங்களே, தப்புன்னு. அதைத்தான்.”

அலுவலகத்தைக் கேட்காமல் எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். பக்கத்தில் கிடந்த சிமெண்ட் மூட்டைமேல் தாளை வைத்து எழுதினேன்: பிப்ரவரி அறிக்கையில் காகக் கூடு என்று நான் குறிப்பிட்டது செந்தலை வல்லூறு குடியிருக்கும் கூடு, உரிய நேரத்தில் வந்து பார்க்காததும், ஊர்க்காரர் சொன்னதைப் பதிவு செய்யாததும் என் பிழை. என் கையெழுத்து அவ்வளவு கோணலாக ஒருபோதும் வந்ததில்லை. மூட்டைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் மேலாளர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “நேர்மையானவங்கள இந்த நிறுவனம் எப்பவும் மதிக்கும்” என்றார். மறுநாளிலிருந்து ஒரு வருஷம் எனக்கு வெளிவேலை இல்லை. பழைய அறிக்கைகளை வருஷவாரியாக அடுக்கும் பொறுப்பைக் கொடுத்து மதித்தார். என்னைவிடப் பின்னால் சேர்ந்தவர்கள் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இருந்தது. அவமானமும் இருந்தது. யாராவது இதைப் பெரிய தியாகம் என்று சொல்லமாட்டார்களா என்ற நப்பாசையும் இருந்தது. யாரும் சொல்லவில்லை. செய்த தப்பைத் திருத்துவதற்கு மாலை போடும் வழக்கம் எங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்வேளூர் போனேன். மற்ற நாட்களில் அஞ்சம்மாள் தொலைபேசியில் சொல்வார். “இன்னிக்கு ரெக்க முளைச்சிருக்கு.” “இன்னிக்கு ஒண்ணு மட்டைமேல வந்து நின்னுட்டு பயந்து உள்ள ஓடிட்டுது.” இன்ஜினியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேற்கிலிருந்து ஒவ்வொரு பனையாக விழுந்து வந்தது. மெஷின் சத்தம் நெருங்க நெருங்க, பெட்டை கூட்டை விட்டு இரை தேடப் போகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆண் ஒற்றையாக வேட்டையாடியது. இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்தால் என்னவாகும்? மூன்றில் இளைய குஞ்சு ஒரு வாரம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுச் செத்துப்போனது. மெஷின் சத்தத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று யாராவது நிரூபித்தால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, இரண்டு குஞ்சுகளும் பறந்தன. முதலாவது வாய்க்காலைத் தாண்டி நேராக எதிர்க்கரைக் கருவேல மரத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது பாதி வழியில் தடுமாறி அஞ்சம்மாளின் வைக்கோல்போரில் விழுந்தது. நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. இன்ஜினியர் மெஷினை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். மெஷின் ஓட்டியவரும் வெட்டுக்காரர்களும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காரணம் புரியாமலே நின்றார்கள். மேலே தாய் கத்திக்கொண்டே வட்டமிட்டது. குஞ்சு வைக்கோலை உதறிவிட்டு எழுந்து இரண்டு முறை குதித்துப் பறந்தது.

“முடிஞ்சுதா மேடம்?” என்றார் இன்ஜினியர். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். பொறுத்தார். அவர் பெயரை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை. அவருக்கு நல்லது என்று நினைத்தேன்.

அந்தப் பனையை வெட்டிய அன்று நான் போய் நின்றேன். கட்டாயம் இல்லை, ஆனால் என் கையெழுத்தின் பேரில் விழும் மரத்தை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? விழுந்த கொண்டையில் கூடு அப்படியே இருந்தது. சுள்ளிகளுக்கிடையில் தகைவிலான் இறகு, சில்லையின் கால், வானம்பாடியின் மண்டை ஓடு, ஒரு வௌவாலின் சிறகுகூட. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினேன். அந்த வயல்வெளியில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்பதற்கு நான் போட்டதிலேயே ஒழுங்கான பட்டியல் அதுதான். மேலாளரிடம் கொடுத்தேன். வேலை முடிந்த கோப்பில் புதுத் தாள் சேர்க்க வழியில்லை என்றார்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அஞ்சம்மாள் கூப்பிட்டார். ரோடு போட்டு முடிந்துவிட்டது. கொழுந்தனின் மருமகளுக்கு வலி கண்டபோது ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது, பெண் குழந்தை.

“அறுப்பு மெஷினும் வரப்பு வரைக்கும் வந்துட்டுதுங்க டீச்சர். அதுங்கதான் வரல. சில்லை இந்தத் தடவை அள்ளிட்டுப் போயிட்டுது. நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்றேன். ஓய்வு பெற்றபிறகு நான்கு பிப்ரவரி ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் நாகூர்ப் பக்கம், கடற்கரையை ஒட்டி மிச்சமிருக்கும் பனை வரிசைகளை முதல் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். காகக் கூடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் உள்ளே தலை தெரிகிறதா என்று பார்க்காமல் நான் இப்போது காகக் கூடு என்று எழுதுவதில்லை. இதுவரை எழுதியதெல்லாம் காகக் கூடுதான். மாலையில் அஞ்சம்மாளுக்குப் போன் செய்து இன்றைக்கும் இல்லை என்று சொல்வேன். “சரிங்க, சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.